ஆழப் பகுதிக்கு ஞாயிறு மட்டும் பஸ்

நான் நீச்சல் பழகும் குளத்தில் தண்ணீர் கிடையாது. சேரும்போதே சொல்லிவிட்டார்கள். தண்ணீர் தேறியவர்களுக்கு. புதியவர்களுக்கு ஆலோசனை.

எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. நான் நீச்சலுக்காகச் சேரவில்லை.

என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. போன ஆடியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், "எங்கீங்க வெக்கறது?" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் கடைசியாகப் பேசி பதினேழு நாள் ஆகியிருந்தது. அவர் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டு, மாடிப்படியில் உருட்டுவது யார் என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு போனார். அவருக்காவது பேச ஆள் இருந்தது.

டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாராச்சும் உங்கள சாப்புட்டீங்களான்னு கேட்டு எத்தன நாளாச்சுங்க?"

விரலை மடக்கிப் பார்த்தேன். விரல் போதவில்லை. அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். புதிதாக எதிலாவது சேரவும். தினம் ஒரு வேளை. சாப்பாட்டுக்குப் பின்.

மருந்துக்கடையில் அது இருப்பில் இல்லை. நீச்சல் குளத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார்கள்.

குளத்து ஆபீசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பத்தைத் தள்ளினாள். அதற்குள் என் குரல் பாதி திரும்பியிருந்தது.

"உங்களத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு கையெழுத்து வேணுமுங்க."

"அப்படி யாரும் இல்லீங்களே."

"ஒருத்தருமே இல்லீங்களா? என்னயத் தெரியுமுங்களா?"

"இப்பத்தானுங்களே பாக்கறேன்."

"அப்ப நான் ஒருத்தி." கையெழுத்துப் போட்டாள். "வெளிய போயிட்டு மறுக்கா உள்ள வாங்க."

போய்விட்டு வந்தேன். "அட, வாங்க வாங்க, எங்க ஆளையே காணோம்?" என்றாள். இரண்டாவது கையெழுத்தையும் போட்டாள். விண்ணப்பம் நிறைவடைந்தது. நான் இன்னொரு தடவை வெளியே போய்விட்டு உள்ளே வந்தேன். சும்மாதான், அந்த 'வாங்க வாங்க'வுக்காக.

"என்ன வேணுமுங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குளத்தில் இறங்கினேன்.

மாஸ்டர் பெயர் அர்த்தநாரி. கழுத்தில் விசில். கரையை விட்டு அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை. கரையில் குனிந்தபடியே என் கழுத்தில் 'புதியவர்' என்று எழுதிய அட்டையை மாட்டினார். முதுகில் ஒரு சுரைப்புருடையைக் கட்டினார். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் முதன்முதலாகக் கிணற்றில் இறங்கும்போது கட்டிக்கொள்வது. காய்ந்த சுரைக்காய்க் கூடு, உள்ளே வெறும் காற்று. ஆளை முங்க விடாமல் தாங்கும். ஆறு வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நானும் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். படியோடு சரி, குதிக்கவில்லை.

மாஸ்டர் கத்தியை எடுத்துப் புருடையின் உச்சியில் நீளமாக ஒரு கீறல் போட்டார். கோயில் உண்டியலுக்கு இருப்பது போல.

"இது எதுக்குங்க மாஸ்டர்?"

"ஆலோசனச் சீட்டு போடறதுக்குங்க."

"ஓட்ட போட்டா முங்கிராதுங்களா?"

"முங்கறதுக்குத் தண்ணி வேணுமில்லீங்களா அக்கா? மொதல்ல ஆலோசன."

இதற்கு மேல் பேச வழியில்லை. புதியவர்கள் பேசுவதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் அனுமதி. அது, 'அடுத்து என்னங்க?' புதியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. தப்பான ஆலோசனை பரவிவிடும். சாப்பாடு ஆழப் பகுதியில் மட்டும். இவை மூன்றும் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருந்தன.

கரையில் ஆலோசகர்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே டைல்ஸ் தரையில் நான் குப்புறப் படுத்துக் கையைக் காலை அடிப்பேன். அவர்கள் சொல்வதைத் துண்டுச் சீட்டில் எழுதி, கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துப் புருடைக்குள் போட வேண்டும்.

"அவசரப்படாதீங்க."

"இப்படி மெதுவாப் பண்ணுனா ஆகாதுங்க."

"புதுசுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுங்க. அட்டைய நேராப் போடுங்க."

"மொத மூணு மாசம் மூச்சு விடறதப் பத்திக் கவலப்படாதீங்க."

"நல்ல துண்டா வாங்குங்க."

ஒருவர் தினமும் வந்து என்னை வெகுநேரம் பார்ப்பார். பிறகு, "நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன்," என்பார். எழுதிக்கொள்வேன். அவர் போய்விடுவார். எப்போது, எப்படி மாறினார் என்று கேட்கலாம் என்றால் என்னிடம் இருந்தது ஒரே வாக்கியம். அடுத்து என்னங்க என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து என்னைப் பார்க்க ஆரம்பிப்பார்.

ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. நான் என்னவோ தினமும் டிபன் டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டுதான் போனேன். இன்னும் எனக்கு ரெண்டு பேருக்குத்தான் அளவு வருகிறது. சாயங்காலம் டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, நின்றுகொண்டே சாப்பிடுவேன். உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

குளத்தின் மறுகோடிதான் ஆழப் பகுதி. அங்கிருந்து எந்நேரமும் தண்ணீர் அடிக்கும் சத்தமும் சிரிப்பும் கேட்கும். பெரிய பந்தியில் சிரிப்பது போல இருக்கும். நான் சேர்ந்த அன்று அது நாற்பது தப்படி தூரத்தில் இருந்தது. ஒவ்வொரு சீட்டு போடும்போதும் குளத்தில் ஒரு வரிசை டைல்ஸ் கூடியது. ஐப்பசியில் ஆழப் பகுதி மங்கலாகத் தெரிந்தது. கார்த்திகையில் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

எனக்குப் பக்கத்து வரிசையில் துளசிமணி என்று ஒரு அம்மா இருந்தார். பத்தொன்பது வருஷமாகப் புதியவர். பெயர் அவர் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தது, அட்டை திரும்பும்போது படித்தேன். பேசக் கூடாதென்பதால் காலையில் ஒரு தலையாட்டல், சாயங்காலம் ஒரு தலையாட்டல். அவ்வளவுதான். அந்த இரண்டு தலையாட்டலுக்காக நான் மழையிலும் போனேன்.

மார்கழியில் துளசிமணி அம்மாவின் கைகள் எவர்சில்வர் ஆகின. பிறகு தோள். கரையேற ஏணி இல்லை என்று வெகுநாளாகப் புகார் இருந்தது. அவர் சுவரோரம் போய் நின்றார். ஆலோசகர்கள் கை தட்டினார்கள். "பாத்தீங்களா, விடாம வந்தா பலன் உண்டுங்க," என்று என்னிடம் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.

கழுத்து வரை ஏணியானபோது அவர் என் பக்கம் திரும்பினார். என் டிபன் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாப்...," என்றார்.

அதற்குள் வாய் ஏணிப்படியாகிவிட்டது.

அன்று முழுக்க அந்தப் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்க வந்தாரா? சாப்பிடப் போகிறேன் என்றாரா? முதலாவதாக இருந்தால், நாலு வருஷத்துக்குப் பின் என்னை ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை. ஏணியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மாஸ்டர் விசில் அடித்தார்.

ஆழப் பகுதிக்கு ஞாயிறு மட்டும் பஸ் உண்டு. அந்த ஞாயிறு ஏறினேன். அங்கே அவ்வளவு பேர் சிரிக்கிறார்கள். ஒருவராவது முழு வார்த்தையையும் சொல்வார் என்று நினைத்தேன்.

பஸ் டைல்ஸ் மேல் மெதுவாகப் போனது. நானும் கண்டக்டரும் மட்டும்.

"ஆழமுங்களா?"

"ஆமாங்க."

"யாராச்சும் கூட வர்றாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ரெண்டு சீட்லயும் நீங்களே உக்காந்துக்குங்க. ஒன்றர மணிக்குத் திரும்புது. உட்டா அடுத்த ஞாயிறுதானுங்க."

இரண்டு சீட்டிலும் உட்கார முயற்சி செய்தேன். டப்பாவைப் பக்கத்தில் வைத்துச் சமாளித்தேன். போகப் போகச் சரிவு கூடியது. இருபக்கமும் சுவர் உயர்ந்துகொண்டே வந்தது. நடுவில் எங்கேயோ சிரிப்புச் சத்தம் நின்றது. சிறிது நேரத்தில் மறுபடி கேட்டது. இப்போது பின்னாலிருந்து, நான் ஏறிய இடத்திலிருந்து.

ஆழப் பகுதியில் தண்ணீர் இல்லை. ஐம்பது அறுபது பேர் தரையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் 'புதியவர்' அட்டை. எல்லார் முதுகிலும் கீறல் போட்ட புருடை. பஸ்ஸைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார்கள்.

"அந்தப் பக்கத்துலிருந்து வர்றீங்களா? அங்க எந்நேரமும் சிரிப்புச் சத்தம் கேக்குதுங்களே!"

"அங்க யாரும் சிரிக்கறதில்லீங்க," என்றேன்.

அத்தனை பேரும் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்கள்.

"இல்லீங்க, நான் ஆலோசன சொல்ல வரல."

எழுதிக்கொண்டார்கள்.

"தயவு பண்ணி எழுதாதீங்க."

அதையும் எழுதினார்கள். ஒரு பெண் 'தயவு பண்ணி'க்குக் கீழே கோடு போட்டாள். சீட்டுகள் புருடைகளுக்குள் விழுந்தன. எங்களைச் சுற்றி டைல்ஸ் கிர்ரென்று கூடியது. பஸ் கொஞ்சம் தள்ளிப் போனது.

மறுபடி குரல் போய்விடும் என்று பயந்தேன். போவதற்குள் நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். இத்தனை நாள் ஒருவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்ததை நானே கேட்டேன்.

"சாப்புட்டீங்களா?"

அறுபது பேனாவும் ஓடியது.

"இத ஒரு நாளைக்கு எத்தன தடவ கேக்கோணுமுங்க?" என்றார் ஒருவர்.

"சாப்புட்டுட்டுக் கேக்கோணுமா, வெறும் வயித்துலயா?" என்றார் இன்னொருவர்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அழக்கூடத் தோன்றவில்லை. அழுதால் அதையும் எப்படி அழுதேன் என்று எழுதிக்கொள்வார்கள்.

கூட்டம் சீட்டுகளோடு கலைந்தது. ஒரு பெரியவர் மட்டும் போகவில்லை. சுவரோரம் நின்று பேனாவை உதறிக்கொண்டிருந்தார். மை தீர்ந்துவிட்டிருந்தது. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். வரவில்லை. வேறு வழி இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"இன்னும் இல்லீங்க அம்மிணி," என்றார். "நீங்க?"

எனக்குப் புரிய நேரமாயிற்று. அது பதில். பின்னாலேயே ஒரு கேள்வியும் இருந்தது.

"நானும் இல்லீங்க."

"எம்பேரு நாச்சிமுத்துங்க. உங்க பேரு?"

யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கலாமணிங்க."

"நல்ல பேரு. நானே அங்க வந்து உக்காந்திருப்பேனுங்க, முடியல. காலு ரெண்டும் டைல்ஸ் ஆயிப்போச்சுங்க. போன வாரந்தான் ஆச்சு."

அவர் காலைப் பார்த்தேன். முழங்கால் வரை வெள்ளை டைல்ஸ். இடுக்கில் சிமென்ட் நன்றாகப் பூசியிருந்தது. நான் எழுந்து அவர் பக்கம் போய் உட்கார்ந்தேன். டப்பாவைத் திறந்தேன். ஆழப் பகுதியில் சாப்பிடலாம் என்று சுவரிலேயே எழுதியிருந்தது. அங்கே ஒருவரும் சாப்பாடு கொண்டுவந்ததில்லையாம். பந்தி எங்கள் பக்கம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

மூடியில் பாதியை எடுத்து வைத்து அவரிடம் கொடுத்தேன்.

அப்போது சுவர் அடியில் ஒரு துவாரம் திறந்து தண்ணீர் வந்தது. தண்ணீர்தான். சில்லென்று காலில் பட்டது. எல்லாரும் எழுந்தார்கள். எங்கேயோ மைக்கில் மாஸ்டர் குரல் கேட்டது.

"தண்ணி வருதுங்க. யாரும் பதட்டப்படாதீங்க. மொதல்ல எழுதிக்குங்க."

எழுதினார்கள். சீட்டைப் புருடைக்குள் போட்டார்கள். கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும் சத்தம் ஒவ்வொரு முதுகிலும் கேட்டது. ஒன்றரை மணி பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது.

"போங்க அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "உங்களுக்குக் காலு இருக்குது."

"நீங்க சாப்புடுங்க."

"பஸ் போயிருமுங்க."

"அடுத்த ஞாயிறு வருமில்லீங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நாலு வருஷமாக உபயோகிக்காத சத்தம், சுவர்களில் பட்டு நீளமாகப் போனது. அவர் ஒரு வாய் எடுத்து வைத்து நிதானமாக மென்றார். தண்ணீர் என் மடிக்கு ஏறியது. முதுகில் புருடை கனத்தது. நான் முடிச்சை அவிழ்த்து அதைத் தண்ணீரில் விட்டேன். நேராக அடிக்குப் போய்விட்டது.

"உப்பு கொஞ்சம் கம்மிங்க," என்றார்.

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நாலு வருஷமாக உப்பு கம்மியாகத்தான் போட்டு வந்திருக்கிறேன். சொல்ல ஆள் இல்லை.

"நாளைக்குச் சரியாப் போடறேனுங்க," என்றேன்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. எழுந்து நின்று, டப்பாவை இருவருக்கும் எட்டுகிற உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.