மூன்று விநாடிப் பெருமூச்சு

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பொன்மடல் கொம்பனியைப் பற்றியோ, அதில் சேர்ந்திருந்த என் சிநேகிதன் செந்தூரனைப் பற்றியோ என் வாயிலிருந்து ஒரு கெட்ட சொல்லும் வரவில்லை. வந்தது வெறும் காற்று.

அந்தக் காற்று ஒரு கல்யாணப் பேச்சைக் கலைத்துவிட்டது.

செந்தூரனும் நானும் மாங்குளத்தில் அடுத்தடுத்த வளவுக்காரர். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் சங்கிலி வியாபாரத்தில் விழுந்தோம். விழுந்த கிணறுகள்தான் வேறு. நான் நலச்சுனை, போத்தலில் அடைத்த முருங்கையிலைத் தூள். அவன் பொன்மடல், சவர்க்காரமும் முகக்கிறீமும். சாமான் விற்பது பேருக்குத்தான். ஆள் சேர்ப்பதுதான் தொழில். எனக்குக் கீழே இடது பக்கம் ஒரு கால், வலது பக்கம் ஒரு கால் என்று ஆட்கள் வளர வேண்டும். இடது கால் கொஞ்சம் வளர்ந்திருந்தது: மாமி, சித்தப்பா, எனக்குக் கடனுக்கு முடிவெட்டிய பாவத்துக்குச் சலூன் வினோதன். வலது காலில் ஒரு விரல்கூட முளைக்கவில்லை.

எதிரெதிர்க் கொம்பனிக்காரர் இருவர் ஒரே மோட்டார் சைக்கிளில் ஆள் பிடிக்கப் போவது வேறெங்காவது நடக்குமோ தெரியாது. எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள்தான். அது அவனுடையது. பெற்றோலில் பாதி என்னுடையது. ஒரு வீட்டுக்குள் அவன் முதலில் போனால் நான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்பேன். அடுத்த வீட்டில் நான் முதல். மரத்தடியில் நிற்கிறவனைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், “அந்தத் தம்பியையும் உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ, தேத்தண்ணி குடிக்கட்டும்” என்பார்கள். அப்படிப் பக்கத்துக் கதிரையில் இருந்து அவனுடைய பேச்சுக்கு நான் தலையாட்டிய நாட்களும் உண்டு. ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தபோது, இவனிடமே சேர்ந்துவிடலாமோ என்றுகூட நினைத்தேன்.

இது சண்டையில் முடியும் என்று இரண்டு பேருக்கும் பயம் இருந்தது. ஆகவே முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி ஒரு சத்தியம் செய்தோம். அவனுடைய கொம்பனியைப் பற்றி நான் ஒரு சொல்லும் தப்பாகச் சொல்வதில்லை, என்னுடையதைப் பற்றி அவனும் சொல்வதில்லை. பிறகு ஆளுக்கொரு கடதாசிச் சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டு அக்கராயன் பக்கம் திரும்பினோம்.

இந்தச் சத்தியத்தில் ஓட்டை போட்டுத் தந்தவர் நிரோஜன். வவுனியாவில் நலச்சுனைக்காரருக்கு வகுப்பு எடுக்கிறவர். வயது இருபத்துநாலு. கழுத்துப்பட்டியைப் பார்த்தால் நாற்பது.

“மற்றக் கொம்பனியைப் பற்றி வாய் திறக்கவே கூடாது. வழக்கு வரும். எங்களுக்கு மரியாதையும் இல்லை,” என்றார் அவர். எனக்குக் கண் கலங்கியது, எவ்வளவு நேர்மையான கொம்பனி என்று. அடுத்த வசனம் இது: “ஆரும் கேட்டால், நிலத்தைப் பாத்து மூண்டு செக்கனுக்கு ஒரு பெருமூச்சு விடுங்கோ. ‘நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்லை’ எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை அவையே நினைச்சுக்கொள்ளுவினம்.”

பிறகு நாற்பது பேரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டுப் பழகினோம். மண்டபத்துக்கு வெளியே நின்ற காவலாளி ஓடி வந்து, ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

எனக்குக் குழப்பம் வந்தது அங்கேதான். பொய் சொன்னால் பாவம். சொல் சொன்னால் சத்தியம் முறியும். மூச்சு எந்தக் கணக்கில் வரும்? பிள்ளையாருக்கு முன்னால் சொல்லைப் பற்றித்தானே பேசினோம்? மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்த மனிதன் உலகத்தில் உண்டா?

ஜெயரூபி அக்கா அக்கராயனில் மாதர் சங்கத் தலைவி. அவர் சேர்ந்தால் சங்கமே சேரும். என் வலது கால் ஒரே நாளில் யானைக்கால் ஆகிவிடும். அன்றைக்கு முதல் முறை செந்தூரனுடையது. அவன் பேசிவிட்டு வெளியே வந்தான். நான் போய் வட்டம் வட்டமாகக் கீறி விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா கேட்டார்:

“அது சரி தம்பி, செந்தூரன் தம்பியும் ஒரு பேப்பர் தந்திட்டுப் போறார். அவையின்ரை எப்பிடி?”

நிலத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. விட்டேன். “நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்லை அக்கா.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கலைஞனுக்கு அடக்கம் வராது. “அவன் என்ர சிநேகிதன்,” என்றும் சேர்த்துவிட்டேன். அது வகுப்பில் இல்லாத வசனம், என் சொந்தச் சரக்கு.

அக்கா செந்தூரனின் பேப்பரை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். பிறகு, “விளங்குது தம்பி,” என்றார்.

அடுத்த கிழமை அவர் எனக்குப் போன் எடுத்தார். சங்கத்தில் முப்பத்திரண்டு பேர் சேரத் தயார், நாளைக்கு வந்து பேர் பதியுங்கோ என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. காலையில் செந்தூரனின் சைக்கிளில் ஏறியபோது இதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“மச்சான், குறிப்பு திரும்பி வந்திட்டுது.”

“எந்தக் குறிப்பு?”

“என்ர சாதகக் குறிப்புதான். உனக்குச் சொல்லேல்லை, சரிவந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். ஜெயரூபி அக்கான்ர தங்கச்சி தயாளினி. முன்பள்ளியில படிப்பிக்கிறவா. ரெண்டு மாசமாப் பேச்சுக்கால் நடக்குது.”

நான் பின்னால் இருந்து அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளம் ஒன்றும் வரவில்லை.

“பொருந்தேல்லை எண்டு சொல்லி அனுப்பியிருக்கினம். அம்மா அழுறா. ஏனெண்டால் முதலே பொருத்தம் பாத்து நல்ல பொருத்தம் எண்டு சொன்னதே அவையின்ர ஐயர்தான். அப்ப கிரகம் மாறேல்லை மச்சான். ஆரோ ஏதோ சொல்லிப்போட்டாங்கள்.”

“அப்பிடி ஆர் சொல்லுறது?”

“அதைத்தான் நீ கண்டுபிடிக்க வேணும். நீ அக்காவோட நல்லாக் கதைப்பாய். ஆரெண்டு மட்டும் கேட்டுச் சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

மிச்சத்தை எப்படிப் பார்ப்பான் என்று நான் கேட்கவில்லை. அவன் தோள் அகலம். நான் அதற்குப் பின்னால் காற்றுப் படாமல் போய்க்கொண்டிருந்தேன்.

அக்கராயன் வாய்க்கால் மதகடியில் சைக்கிளை நிறுத்தினான். அந்த வீட்டுப் படலைக்கு வர அவனுக்கு வெட்கம். “போட்டு வா,” என்றான். நான் நடந்தேன். முப்பத்திரண்டு பேரா, ஒரு ஆளா என்று கால்கள் கேட்டன. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு கையெழுத்தை வாங்கினால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது. ஐயர் மீது பழி போகும். ஐயர்மாருக்கு அது பழக்கம்.

“வாங்கோ தம்பி, இருங்கோ. பேரெல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்.” அக்கா கொப்பியைத் திறந்து வைத்தார். முதல் பேர் ராக்காயி. போன மழைக்கு வீட்டுக் கூரைத் தகரம் பறந்து, இன்னும் தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு, கூலிக்குக் கச்சான் பிடுங்கப் போகிறவர். அவர் முருங்கையிலைத் தூளை யாருக்கு விற்பார்? அவர் வளவில் முருங்கை மரமே நிற்கிறது.

“அக்கா, செந்தூரன்ர குறிப்பு...”

அவர் முகம் மாறியது. “அதை விடுங்கோ தம்பி. சிநேகிதனைக் காட்டிக் குடுக்காமல் நாகரிகமாச் சொன்னீங்கள். அந்த ஒரு குணத்துக்குத்தான் உங்களை நம்பி இவ்வளவு பேரையும் சேர்த்தனான்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா.”

“அதுதானே! சொல்லக்கூடிய விசயமெண்டால் சொல்லியிருப்பீங்கள்.”

இந்தத் தர்க்கத்தை நிரோஜன் வகுப்பில் சொல்லித் தரவில்லை. “அக்கா, அது கொம்பனிக்கு விட்ட மூச்சு. ஆளுக்கு விட்டதில்லை.”

“மூச்சில கொம்பனி மூச்சு, ஆள் மூச்சு எண்டு இருக்கோ?”

“இருக்கு. வவுனியாவில பழக்கினவை.”

“பழக்கினவையோ?” அக்கா கதிரையில் நிமிர்ந்தார். “எங்கை, விட்டுக் காட்டுங்கோ பாப்பம்.”

நிலத்தைப் பார்த்து மூன்று விநாடிக்கு விட்டுக் காட்டினேன். “ஐயோ, அண்டைக்கும் உதே மூச்சுத்தான்!” என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். குசினிக்குள் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். தயாளினி என்று ஊகித்தேன். மாப்பிள்ளைக்கு நான் செய்த முதல் நன்மை அந்தச் சிரிப்புத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. “நான் அவர் பெண் விசயத்தில ஏதும் சறுக்கினவர், இல்லாட்டிக் குடி எண்டு நினைச்சன் தம்பி. ரெண்டு நாளா இவள் சாப்பிடேல்லை. சரி, கொம்பனியில என்ன பிழை? அதையாவது சொல்லுங்கோ.”

சத்தியம் அப்போதே பல்லிளித்துக்கொண்டு நின்றது. சொன்னேன். “சாமான் வித்து வாறதை விட ஆள் சேர்த்து வாறதுதான் கூட அக்கா. கடைசியாச் சேர்ந்த ஆளுக்கு ஒண்டும் மிஞ்சாது.”

“உங்கட கொம்பனியில?”

என் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அக்கா அலுமாரியிலிருந்து இரண்டு பேப்பர்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் கீறிய வட்டங்கள். செந்தூரன் கீறிய சதுரங்கள். “உங்கடை வட்டம், அவரின்ர சதுரம். மேல ஆரோ ஒரு ஆள், கீழ எங்கட ராக்காயி அக்கா. இதுக்குத்தானோ தம்பி நீங்கள் ரெண்டு பேரும் சண்டை?”

“சண்டை இல்லை அக்கா. ஒரே சைக்கிளிலதான் வாறம்.”

“தெரியும். அவரிட்டயும் உங்கட கொம்பனியைப் பற்றிக் கேட்டனான். என்ன சொன்னவர் தெரியுமோ? ‘சாமானைப் பற்றித் தெரியாது அக்கா. ஆனா விஜிதரன் நல்ல பொடியன். அவன் நம்பாததை விக்கமாட்டான்’ எண்டு.”

எனக்குக் கதிரை சுட்டது. “அப்ப நீங்கள் அதை நம்பியிருக்கலாமே அக்கா?”

“புகழ்ந்து சொன்னதை ஆர் தம்பி நம்புறது?” என்றார் அவர். கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். என் வலது காலைப் பூட்டிய சத்தம் அது. “இவளின்ர விசயத்தை நான் திரும்பக் கதைக்கிறன். ஆனா ஒண்டு. உந்த மூச்சை விட்டது ஆரெண்டு நீங்களே அவருக்குச் சொல்ல வேணும். அவர் போன் எடுத்து ‘தெரியும்’ எண்டு எனக்குச் சொல்லட்டும். ஒளிச்சு வைச்ச கதையோட ஒரு கலியாணம் துவங்கக்கூடாது.”

மதகடிக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று தெரியாது. வழியில் ஒரு மாட்டுக்கு வழி விட்டேன். பிறகு அதன் கன்றுக்கும் விட்டேன்.

“ஆராம்?” என்றான் செந்தூரன்.

“நான்.”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான். வகுப்பு, மூச்சு, என் சொந்தச் சரக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மதகின் அந்தப் பக்கமாக ஒரு அடி தள்ளி நின்றேன், நீந்தத் தெரியும்.

“முறிகண்டியான் சத்தியமா நானும் உன்ர கொம்பனியைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ வைச்சிருந்தனான்ரா,” என்றான் கடைசியில். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “பிள்ளையாருக்காகச் சொல்லாமல் விட்டனான் எண்டு நினைக்கிறியே?”

நான் வாய் திறக்கவில்லை. மூச்சும் விடவில்லை.

அவன் போனை எடுத்து, “அக்கா, செந்தூரன். தெரியும், அவன் சொல்லிப்போட்டான்,” என்றான். பிறகு கனநேரம் மற்றப் பக்கம் கதைத்தது. “ஓம்... ஓம்...” நடுவில் அவன் குரல் இளகியது, அக்காவின் கையிலிருந்து போன் மாறியிருக்க வேண்டும். “இல்லை, அப்பிடி இல்லை... ஓம், அவன் இஞ்சதான் நிக்கிறான்.” போனை என்னிடம் நீட்டினான். “உன்னோட கதைக்கவாம்.”

“அண்ணை, நான் தயாளினி.”

“சொல்லுங்கோ தங்கச்சி. நான்...”

“மன்னிப்பெல்லாம் பிறகு கேளுங்கோ. எனக்கு ஒரு விசயம் தெரிய வேணும். அவர் அந்தக் கொம்பனியை விடுவாரோ, மாட்டாரோ?”

விடுவான் என்றால், எதிர்க் கொம்பனிக்காரனைத் தொழிலை விட்டுக் கலைத்த ஆள் நான். மாட்டான் என்றால், கல்யாணத்தை இரண்டாம் தரமும் கலைத்த ஆள் நான். நல்ல மனிதர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? “அதை அவனிட்டயே கேளுங்கோ தங்கச்சி. அவனைப் பற்றி இனி நான் ஒண்டும் சொல்ல மாட்டன்,” என்றேன். இந்த முறை அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

“கேட்டனான் அண்ணை. அவர்தான் உங்களிட்டக் கேக்கச் சொன்னவர்.”

செந்தூரனைப் பார்த்தேன். அவன் கச்சான் கோதை ஒவ்வொன்றாக வாய்க்காலில் போட்டு, அவை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உதவி செய்கிற எண்ணம் அந்த முதுகில் இல்லை.

“எனக்கு விளங்கேல்லை தங்கச்சி,” என்றேன். “நான் விட்டால் அவனும் விடுவான் போல கிடக்கு.”

“நீங்கள் விடுவீங்களோ?”

“நான் விட்டால் மாமி, சித்தப்பா, சலூன்காரன் எல்லாருக்கும் பதில் சொல்ல வேணும்.”

“அப்ப சொல்லுங்கோவன்,” என்றார் தயாளினி, முன்பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். செந்தூரன் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, சைக்கிளை உதைத்து எழுப்பினான். பின் இருக்கையைக் காட்டினானா, பெற்றோல் தாங்கியைப் பார்த்தானா என்று தெரியவில்லை. நான் ஏறிக்கொண்டேன்.

“எங்க போறம்?” என்று கேட்டேன்.

“உன்ர மாமி வீட்ட,” என்றான். “நீ முதல் போ. நான் வெளியில நிக்கிறன்.”