சுத்தக் காற்றில் மைனஸ்

மெஷினின் பின்மூடியைக் கழற்றி வடிகட்டியை உருவியபோதே மூக்கனுக்குப் பாதி சந்தோஷம் வந்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டியது கரித்துணி போலக் கறுத்துக் கிடந்தது. சென்சாரும் செத்திருந்தால் இன்னும் விசேஷம். முத்திரை போட முடியாது என்று சொல்லிவிட்டால் இந்தப் புகைச் சோதனை நிலையம் இன்றோடு மூடவேண்டியதுதான். வண்டிப் புகையை அளக்கும் மெஷின்களைப் பழுது பார்த்து, அளவு சரிபார்த்து, முத்திரை வைப்பது அவன் வேலை. நிலையத்தின் முதலாளி அவன் தங்கச்சி புருஷன். கம்பெனி வேறு ஆளைத்தான் அனுப்புவதாக இருந்தது. இவன் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

“பாத்துக் கழட்டுங்க மச்சான்,” என்றான் மாப்பிள்ளை, பல்லைக் குத்திக்கொண்டே. “உங்க வீட்டுல பொண்ணு கொடுத்தப்ப மாதிரி, மறை கழண்டதை என் தலையில கட்டிட்டுப் போயிடாதீங்க.”

கொட்டகை மூலையிலிருந்த கண்ணாடி அறைக்குள் தங்கச்சி இரண்டு உள்ளங்கையிலும் தலையைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்திருக்கும். நிமிரவில்லை. சான்றிதழ் அச்சடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு வருஷமாகத் தலைவலி, வாந்தி, சொன்னது மறந்துபோவது. நடிப்பு என்றான் புருஷன். பிறகு உறவெல்லாம் கூடியிருந்த இடத்தில், அது அந்தக் குடும்பத்து மூளை என்றான். போன வாரம் போனில், டாக்டரிடம் பைத்தியம் என்று எழுதி வாங்கி, பெண் குழந்தையை வைத்துக்கொண்டு இவளை மட்டும் திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தான். அன்று மூக்கனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே இறங்கியது. ஒவ்வொரு வாய்க்கும் மாப்பிள்ளையை மென்று விழுங்கினான்.

வடிகட்டியை மாற்றி, அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டரை மாட்டித் திறந்தான். எண் கொஞ்சம் குறைவாக நின்றது. சென்சார் சாகவில்லை, சனியன். மெஷினை அதன் தள்ளுவண்டியோடு உருட்டி வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோனான். வேப்பமரத்தடியில் காற்று நன்றாக வீசியது. குழாயின் நுனியைக் காற்றில் நீட்டினான். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் விழுந்தது.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. தினமும் காலையில் சுற்றியுள்ள காற்றை இழுத்து, இதுதான் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். அதனால் அந்தக் காற்றை வெளியிலிருந்து இழுக்கத் தனிக் குழாய் உண்டு. சுத்தக் காற்றில் மைனஸ் காட்டுகிறது என்றால், அது பூஜ்யம் என்று நம்பியது விஷக்காற்று. உள்ளே போய்க் குழாயைத் தேடினான். சுவரோடு வெட்டப்பட்டு, கண்ணாடி அறைக் கதவோரம் தொங்கியது. மேலே புகையை வெளியேற்றும் காற்றாடியின் இறக்கையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” மாப்பிள்ளை கண்ணடித்தான். “காலையில ஷட்டர சாத்திட்டுப் பழைய வேன கொஞ்சம் ஓடவிடுவேன். அந்தக் காத்துல பூஜ்யம் பிடிச்சா எந்த ஓட்டை வண்டியும் பாஸ். தொழில் ரகசியம் மச்சான், வெளிய சொல்லிடாதீங்க.”

“அப்ப இவ எங்க இருப்பா?”

“உள்ளதான். மெஷினைப் பாத்துக்க ஆள் வேணாமா? நான் வெளிய நிப்பேன், எனக்குப் புகை ஒத்துக்காது.”

புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது. பேர்பெற்ற தன் மூக்கை வைத்துக்கொண்டு இந்த அறைக்கு எத்தனை தடவை வந்திருப்பான். மெஷின் பழுது என்று எழுதுவது இப்போது சில்லறைக் காரியமாகத் தெரிந்தது. அவன் சிரித்தான். மாப்பிள்ளையும் சிரித்தான்.

“சரி, நீங்க சொன்ன மாதிரியே பூஜ்யம் பிடிச்சுத் தரேன் மாப்ளே. ஆனா காத்து அசையக் கூடாது. நீங்களே அவ நாற்காலியில உக்காந்து பாத்துக்கங்க, அஞ்சே நிமிஷம்தான். அவ கதவத் திறந்து கெடுத்துடுவா.”

“அதச் சொல்லுங்க! அவளுக்கு எங்க பொறுமை?” மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாகப் போய் உட்கார்ந்தான்.

மூக்கன் தங்கச்சியை வெளியே அழைத்துவந்தான். வேனை முடுக்கிவிட்டு ஷட்டரைச் சங்கிலியால் இழுத்து இறக்கினான். சங்கிலி முற்றத்துப் பக்கம்தான் தொங்கும். மெஷினுக்கு மரத்தடிக் காற்றில் புதிதாகப் பூஜ்யம் வைத்தான். கண்ணாடி அறையிலிருந்து முற்றத்துப் பக்கம் சான்றிதழ் நீட்டும் ஜன்னல் துளைக்குள் மெஷின் குழாயை விட்டு, சுற்றிலும் துணியைத் திணித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

எண் மெதுவாக ஏறியது. மாப்பிள்ளை முதலில் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். பிறகு நெற்றியைத் தேய்த்தான். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டான். கண்ணாடியைத் தட்டினான்.

“மச்சான், தல விண்ணு விண்ணுங்குது. போதும், தெறங்க.”

“நடிக்காதீங்க மாப்ளே.”

தங்கச்சி அவன் முழங்கையைப் பிடித்தாள். “அண்ணே, இது என்ன நம்பர்?”

“நீ தினமும் இழுத்த மூச்சு.”

அவள் குனிந்து எண்ணைப் பார்த்தாள்.  பிறகு, “அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?” என்று கேட்டாள், யாரோ ஒருத்தியைப் பற்றி விசாரிப்பதுபோல.

மூக்கன் ஷட்டர் சங்கிலியை எடுத்து அவள் கையில் வைத்தான். “உனக்கு எப்பத் தோணுதோ அப்ப இழு.”

வேன் உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எழுந்து கதவுப் பக்கம் இரண்டடி வைத்து, திரும்பி வந்து, அதே நாற்காலியில் இரண்டு உள்ளங்கையிலும் தலையைத் தாங்கி உட்கார்ந்தான். அவளுடைய விரல்கள் சங்கிலியின் கண்ணிகளில் கோத்திருந்தன. கிரீஸ் நகக்கண்ணில் ஏறிக் கறுத்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னொன்று ஏறியது.