மூக்கோரத்துக் கட்டி

டி.வி.யில் செய்தி வாசிக்கிறவருக்கு மூக்கோரத்தில் ஒரு கட்டி வந்தது. அதற்கு அவர் பண்ணின அழிச்சாட்டியம் இருக்கிறதே, அப்பப்பா! வெள்ளத்தில் ஊரே போனதைக்கூட முகம் மாறாமல் வாசிக்கிற மனுஷன், கண்ணாடி முன்னால் நின்று கண் கலங்கினார்.

அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். "கிள்ளித் தொலைக்காதீங்க. கிருமி உள்ள போயிருக்கு, உடம்பு அதோட சண்டை போடுது. ரத்தத்துல இருக்கற வெள்ளை அணு எல்லாம் அங்க ஓடி வந்ததாலதான் இந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும். கண்ணுக்குப் பக்கத்துல வேற இருக்கு, டாக்டர்கிட்ட காட்டலாம் வாங்க" என்றாள்.

"சண்டை போடட்டும், யார் வேண்டாங்கறா? கேமராவுல தெரியாமப் போடச் சொல்லு" என்றார் மகானுபாவர்.

ஸ்டூடியோ மேக்கப்காரனுக்குத் தெரிந்த ஒரே நோய் சிவப்பு. ஒரு களிம்பைத் தடவினான், வீக்கம் வற்ற மாத்திரையும் கொடுத்தான். இரண்டும் ஸ்டீராய்டு. ஓடி வந்த வெள்ளை அணுக்களைக் கையைக் கட்டி உட்கார வைக்கிற சரக்கு. மறுநாள் சிவப்பைக் காணோம். நம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? உன் டாக்டரெல்லாம் எதுக்கு?"

"என்னத்தைத் தடவினீங்க?"

"அதெல்லாம் எங்க தொழில் ரகசியம்."

மூளை இருக்க வேண்டிய இடத்திலும் பவுடர் அப்பிக்கொண்டவரிடம் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தடுக்க ஆளில்லாமல் கிருமி உள்ளுக்குள்ளேயே பரவியது. செய்தி வாசிக்கும்போதே குளிர் நடுக்கம் கண்டு நாற்காலியில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது இடது கண் மூடிக் கிடந்தது. "பார்வை மிஞ்சுமான்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னதான் திட்டினாலும் புருஷன் இல்லையா?

களிம்பு, மாத்திரையை எல்லாம் நிறுத்தி, ஊசி மருந்து ஏற்றி, கட்டியைக் கீறிவிட்டார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்து, மிச்சச் சீழை அவளே கிண்ணத்தில் வடித்தாள். அப்போதுதான் அந்தக் கண் லேசாகத் திறந்தது.

"லைட்டு தெரியுதுடி" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன்டி, தழும்பு விழுமா?"

வந்த அழுகை அப்படியே நின்றது. கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னன்னு தெரியுமா? உங்களுக்காகச் சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணு. லட்சக்கணக்குல செத்திருக்கு. போயும் போயும், இந்த மூஞ்சிக்காக!"