கடைசி ஆள் இறங்கும் வரை

"இறக்குங்க! பலகையைக் கீழ இறக்குங்க!"

கறுப்புக் கோட்டும் சேறு அப்பிய பூட்ஸுமாக ஓடினாள் ரன்ஹில்ட். உச்சியில், கிரேன் கொக்கியில் தொங்கிய கான்கிரீட் சுவர்ப்பலகையைக் கடற்காற்று சுழற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே, சாரத்தில் ஆட்கள்.

அந்தக் கட்டடத்துக்கு அவள்தான் மேலாளர். மலைக்கு அந்தப் பக்கம், தேவாலயத்தில், சவப்பெட்டிக்குள் அவளுடைய அப்பா தூர்லைவ். அதைச் சுமக்கப்போகும் ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

கைபேசி அலறியது. கட்டுமான நிறுவன இயக்குநர் ஸ்டைனார்.

"இன்னும் கிளம்பலையா? அப்பா அடக்கத்துக்குப் போம்மா. மிச்சத்த உன் உதவியாளன் பார்த்துப்பான்."

"பார்த்துப்பான். நீங்க ஒரு அதட்டு போட்டா மறுபடி தூக்கவும் செய்வான்."

"காத்துக்குப் பயந்தா நார்வேயில ஒரு வீடு எழும்பாது!"

"மெதுவா எழும்பட்டும்."

துண்டித்தாள்.

பலகை தரையைத் தொட்டது. சாரம் காலியானது. கடைசியாக இறங்கிய கிரேன்காரர் ஒட்வார் மூச்சு வாங்கினார்.

"துக்கக் கோட்டு போட்டுக்கிட்டு என்னைத் திட்டின முதல் ஆள் நீதாம்மா. ஓடு!"

கார் பறந்தது. அப்பா தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர். 'படகு லேட்டு' என்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அம்மா அதைச் சொல்லிக் கேலி செய்வாள். அப்பா தன்பாட்டுக்கு உருளைக்கிழங்கை உரிப்பார்.

தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்திருந்தது. வாசலில் சவப்பெட்டி, சுற்றி ஐந்து பேர்.

"வந்துட்டியா மகாராணி?" அண்ணன் சிந்த்ரே சீறினான். "கல்யாணத்துக்கு அவர் லேட்டு, அடக்கத்துக்கு நீ லேட்டு!"

அம்மா போர்ஹில்ட் மகளின் சேற்று பூட்ஸையும், மரங்களை ஆட்டும் காற்றையும் பார்த்தாள்.

"சாரத்துலேர்ந்து எல்லாரும் இறங்கிட்டாங்களா?"

"இறங்கிட்டாங்கம்மா."

முன்பக்கக் கைப்பிடி ஒன்று காலியாக இருந்தது. அம்மா அதைக் காட்டினாள். ரன்ஹில்ட் குனிந்து பற்றியபோது, அம்மாவின் குரல் காதருகே வந்தது.

"எங்க கல்யாணத்தன்னைக்குப் படகு சரியாத்தான் வந்துச்சு. உங்கப்பாதான் அதுல இல்ல. அவர் மேஸ்திரியா இருந்த கட்டடத்துல, சாரம் ஆடுது, கடைசி ஆள் இறங்காம நகர மாட்டேன்னு நின்னுட்டாரு. வேலைய நிறுத்திட்டாருன்னு அங்கயே அவர் வேலை போச்சு."

"அப்ப அந்தப் படகுக் கதை?"

"வேலை போன மாப்பிள்ளைன்னு தெரிஞ்சா எங்கப்பா கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாரு." அம்மா சவப்பெட்டி மேலிருந்த பூக்களைச் சரிசெய்தாள். "படகு லேட்டுன்னு சொல்லுங்கன்னு, தேவாலய வாசல்ல நான்தான் சொல்லிக் குடுத்தேன்."