படம் கேட்பவர்

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுவதும் பிறர் பார்வையைச் சோதிப்பார். சினிமாவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"படம் பாக்கப் போறீங்களா?" என்று யாராவது கேட்டால் திருத்துவார். "கேக்கப் போறேன்."

கதை வேண்டாம், சண்டை வேண்டாம். பேச்சு வேண்டும். எந்த ஊர்க்காரன் எந்த எழுத்தை விழுங்குவான், எதை இழுப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த ஊருக்கும் போனதில்லை. கடையை யார் பார்ப்பது?

அவருக்கு உயிர், மலைப்பேச்சு. மலையில் நடக்கும் ஒரு படத்தை முப்பது தடவை கேட்டிருக்கிறார். அதில் எல்லோரும் கடைசிச் சொல்லை இழுப்பார்கள். 'வந்தேஏஏன்.' 'போனேஏஏன்.' அப்பா கண்ணீர் விடுவார்.

நான் கட்டிக்கொள்ள நினைத்தவர் கண் ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். சொந்த ஊர் அந்த மலைதான். அப்பாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். வயது, சம்பளம் எதையும் அவர் கேட்கவில்லை.

"கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வந்தார். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"உங்க ஊர்ல பேசுற மாதிரியே பேசுங்க மாப்பிள்ளை. கூச்சப்படாதீங்க."

நர்ஸ் பேசினார். மலையில் குளிர் அதிகம்; வாயை அதிக நேரம் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கடைசி எழுத்துகள் வெளியே வரவேயில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். மாப்பிள்ளை தம்பியாகிவிட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மலைதான் மாமா."

"பொறந்ததுல இருந்தேவா?"

அவர் போனதும் தீர்ப்பு வந்தது. "சொந்த ஊரைப் பத்தியே பொய் சொல்றான். வேண்டாம்மா."

"அவரு பொறந்து வளந்த எடங்க அது," என்றாள் அம்மா.

"நான் முப்பது தடவை கேட்டிருக்கேன்டி. அவன் எத்தனை தடவை கேட்டிருப்பான்?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னிடம் அந்தப் படம் இருந்தது. பத்து நாள், ஆஸ்பத்திரி கேண்டீனில், என் போனில் அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

"இப்படி எங்க ஊர்ல பேசினா, எங்க விழுந்தேன்னு கேப்பாங்க."

"என்னைக் கட்டிக்கணுமா, வேண்டாமா?"

"கட்டிக்கணும்."

"இழுங்க."

"கட்டிக்கணுஊஊம்."

இரண்டாவது ஞாயிறு அப்பா கண்ணீர் விட்டார். தம்பி மீண்டும் மாப்பிள்ளை ஆனார். "தப்பை ஒத்துக்கிட்டுத் திருந்துறவன்தான் மனுஷன்," என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த வாரம் கல்யாணம் பேச நர்ஸின் அம்மா வந்தார். அறுபது வருஷம் மலையை விட்டு இறங்காதவர். உட்கார்ந்ததும் மளமளவென்று பேசினார். கடைசி எழுத்து ஒன்றுகூடத் தேறவில்லை.

அப்பா என் காதருகே குனிந்தார். "பாவம், வெளியூர்லருந்து அங்க வாக்கப்பட்டவங்க போல."

"நாள் குறிச்சிடலாஆஆம் மாமா," என்றார் நர்ஸ்.

அவர் அம்மா திரும்பிப் பார்த்தார். "பல்லு வலியாடா?"

"இல்லைம்மாஆஆ."

"பின்ன ஏன்டா ஆடு மாதிரி கத்துற?"

அப்பாவின் முகம் இறுகியது. ஆனாலும் பொறுமையாகத்தான் சொன்னார். "சம்பந்தி, மாப்பிள்ளை பேசுறதுதாங்க உங்க ஊர்ப் பேச்சு. உங்களுக்குத்தான் கொஞ்சம் பிசகுது. ஒரு படம் இருக்கு. கேட்டீங்கன்னா சரியாயிடும்."

எனக்கு அத்தையாகப் போகிறவர் தன் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளர்களைப் பார்த்தேன்.

"மாமா சொல்றது சரிதாம்மாஆஆ."

அதன்பிறகு அத்தை வாயைத் திறக்கவில்லை. தேதி, மண்டபம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த அப்பாவுக்கு மனம் நிறைந்திருந்தது.

"நல்ல மனுஷி," என்றார். "சொன்னா புரிஞ்சுக்கிறாங்க."