கஜுப் பூ

வெள்ளவத்தை ஃப்ளாட்டில், மையித்தின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டிருந்தபோது, மௌத்தான பஸீரின் போன் அடித்தது. யார் எடுப்பது? மனைவி ஷஹீமாதான் எடுத்தாள்.

“மொதலாளி! பூத்திருச்சுங்க!”

வனாத்தவில்லுவில் பஸீரின் கஜுத் தோட்டத்தைப் பார்க்கும் ராமையா. மொதலாளி விடியக்காலை சுபஹுத் தொழுகை நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனது அவனுக்குத் தெரியாது.

“நான் அவர்ர வைஃப், ராமையா. அவர் மௌத்தாப் பொய்த்தார்.”

அந்தப் பக்கம் விசும்பல். பிறகு தயங்கித் தயங்கி, “இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. ஆனா பூச்சி எறங்கிருச்சு. மெஷின்ல மருந்து கலக்கி வச்சிருக்கேன். இன்னைக்கி அடிக்கலைன்னா போன வருசம் மாதிரி அம்புட்டும் கருகிரும். அடிக்கவா, விட்ரவா?”

“உடுங்க மச்சி,” என்றான், பக்கத்தில் நின்று கேட்ட பஸீரின் தம்பி அலவி. “அந்தக் காட்ட வித்துத் தொலைப்பம். கப்பல்ல வாற கொட்டை ஈக்கி, கடை ஓடுது. நானாக்குத்தான் அந்தப் பைத்தியம்.”

பைத்தியமேதான். புறக்கோட்டையில் கஜுக் கடை வைத்துக்கொண்டு, வெளிநாட்டு முந்திரி மூட்டையை அவிழ்க்கும்போதெல்லாம் வெட்கப்படுகிற மனுஷனை வேறு எங்கே காண்பது! நம்மட மண்ணில் விளையாதா என்று வீம்புக்கு ஒட்டுக்கன்று நட்டார். பூ நிக்கட்டும், கூட்டிப்போறன் என்பார். ஒரு வருஷம் மழை, மறு வருஷம் பூச்சி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து கஜு வாசத்தோடு படுத்தெழும்பிய ஷஹீமா, ஒரு கஜுப் பூவைக் கண்ணால் கண்டதில்லை. இனி இத்தா, நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்ட முடியாது. அது முடிவதற்குள் இந்த வருஷப் பூ காயாகி, காயும் உதிர்ந்துவிடும். போயிருக்கலாமே, கருகின பூவையாவது பார்த்திருக்கலாமே. அவருடைய வேனில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தரம்.

“இத்தாவில ஈக்கிற பொம்புள அந்நிய ஆம்புளையோட கதெக்கிறதா? போனை வை புள்ள,” என்று அவளுடைய சாச்சி அதட்டினார்.

ஷஹீமா வைக்கவில்லை. “அடிங்க ராமையா. ஒரு மரத்தையும் உடாம அடிங்க.” அலவியைப் பார்த்துச் சொன்னாள்: “விக்கிற கதையே வேணாம்.”

அலவி போய், மையித்தை வைத்திருந்த சந்தூக்கின் முன்கம்பைப் பிடித்தான். ஆண்கள் சந்தூக்கைத் தூக்கினார்கள். அது லிஃப்டுக்குள் கொள்ளாது. படியால்தான் இறக்க வேண்டும். பெண்கள் வாசலோடு நின்றார்கள்.

“ராமையா, பூ என்ன நெறம்?”

“வெள்ளையா விரியுங்கம்மா. அப்பறம் செவந்துரும்.”

“மணக்குமா?”

“தோட்டம் பூராவும்.”

படி வளைவில் சந்தூக்கு சரிந்து, நிமிர்ந்து, மறைந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மெஷின் இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது.