பட்டியலில் விடுபட்ட பெயர்

பத்து மணிக்குக் கூட்டம். பத்தேகால் ஆகியும் சிட்னியின் பென்டில் ஹில் மண்டபத்துக்குள் ஒரு ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை.

மண்டபப் பொறுப்பாளர் சச்சிதானந்தன்; திறப்புக் கொத்து அவரிடம்தான் இருக்கும். எண்பது கதிரைகளை வரிசையாகப் போட்டுக் கொடுத்தவரும் அவரே. கறுப்பு சூட் போட்ட கிழவர் ஒருவர் மேடையில் தனியே நின்றார்.

கிழவரின் பெயர் குவாக். பதினைந்து வருசத்துக்கு முன்னால் அந்தப் பெயருக்குக் கொரியத் தலைநகர் சோலின் சதுக்கமே நிரம்பி வழிந்தது. ஜப்பான் ஆட்சியில் சொந்தச் சனத்தைக் காட்டிக்கொடுத்த குடும்பங்களைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை தவறாமல் மேடையேறி, பெயர் பெயராக வாசித்தார். கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் காறித் துப்பியது, குவாக்குக்குக் கைதட்டியது. பெயர் வாசிக்கப்பட்ட வீடுகளில் கலியாணங்கள் நின்றன, கடைகள் மூடின. குவாக் மட்டும் ஏறினார், ஏறினார், நாடாளுமன்றம் வரைக்கும் ஏறினார்.

சறுக்கியது ஒரே ஒரு தாளில்.

கொரியாவில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வம்சாவளிப் புத்தகம் உண்டு. பிறந்த நாள், இறந்த நாள், வகித்த பதவி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். குவாக்கின் தாத்தா ஜப்பான்காரனின் பொலிஸில் இருந்தவர். அந்தக் காலத்தில் அது பெருமையாம், அதையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் மேடைக்கு முந்திய வாரமே அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார் குவாக். ஆனால் அதே புத்தகம் குலத்தின் ஒவ்வொரு கிளை வீட்டிலும் ஒவ்வொன்று இருப்பதை, ஊரார் வம்சமெல்லாம் கிண்டிய மனுசன், மறந்துபோனார். சித்தப்பா மகன் ஒருவன் தன் வீட்டுப் பிரதியைப் படமெடுத்து ஊருக்கே காட்டினான்.

மூன்றே நாள். கட்சி கைகழுவியது. மனைவி பெட்டி கட்டினாள். சிட்னியில் மகள் இருக்கிறாளே என்று வந்தார். அவளும் ஒரு மாதத்தில் ஒற்றை அறை பார்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

மண்டபத்தைப் பதிய வந்த அன்று குவாக்கே சச்சிதானந்தனிடம் உடைந்த ஆங்கிலத்தில் சொன்ன கதை இது. "மார்ச் முதலாம் திகதி எங்கள் எழுச்சி நாள். அன்றைக்கு, நான் வாசிக்காமல் விட்ட பெயரை என் சனத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும். அவர்கள் துப்ப வேண்டும். கொரியப் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்துவிட்டேன். ஒருவராவது வருவார்."

பத்தரை. வாசலில் கார்ச் சத்தமே இல்லை.

சச்சிதானந்தனுக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய், பக்கத்து ஊர் டூங்கபியில் இருக்கும் யோகேஸ்வரனுக்குப் போன் அடித்தார். தமிழ் முதியோர் சங்கத் தலைவர். ஒரு சொல்லில் ஒரு வேன் ஆள் திரட்டக்கூடியவர்.

"யோகேஸ், உன்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு ஓடி வா. இஞ்ச ஒரு மனுசன் வெறும் கதிரையளுக்கு முன்னால நிக்குது."

"கொரியன் கூட்டத்தில எங்களுக்கு என்ன வேலை? கிம்ச்சி கிண்டவோ?"

"பகிடியை விடு. வந்து இருந்தாப் போதும்."

"எவ்வளவு நேரம் பேசுவார்?"

"உன்னை விடக் குறைவு."

"அப்ப ஓம், வாறம்."

பதினொரு மணிக்குப் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். யோகேஸ்வரனின் மனைவி தாட்சாயினி கையில் ஒரு பெட்டி மீன் ரோல்ஸ். குவாக் அவர்களைத் தாண்டி வாசலையே பார்த்தார். பின்னால் வேறு யாரும் வரவில்லை.

"இவர்கள் யார்?"

"என்ர சினேகிதர்கள்," என்றார் சச்சிதானந்தன்.

குவாக் சட்டைப் பையிலிருந்து பெயர் எழுதிய தாளை எடுத்தார்.

அவர் பேசிய கொரிய மொழியில் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றாலும் பதினான்கு பேரும் அசையாமல் கேட்டார்கள். நாற்பது வருசமாக மண்டபங்களில் பேச்சுக் கேட்டுப் பழகிய சனம். குரல் உயர்ந்து, சட்டென்று நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

குவாக் பெயரை வாசித்தார். குரல் உயர்ந்தது. உடைந்தது. நின்றது.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சச்சிதானந்தனின் கைகளும் சேர்ந்து தட்டிவிட்டன.

அப்போதுதான் அது நடந்தது. குவாக்கின் வலது கை தானாக மேலே எழுந்தது. உள்ளங்கை கூட்டத்தைப் பார்த்து விரிந்தது. முதுகு நிமிர்ந்தது. ஒரு கணம் மேடையில் ஒரு தலைவர் நின்றார்.

பிறகு அவர் தன் கையைக் கண்டார். பாம்பைக் கண்டவர் போல் அதைக் கீழே இழுத்துக்கொண்டார்.

சச்சிதானந்தன் மேடைக்கு ஓடினார். "மன்னியுங்கோ. நான் அவையளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. பிழை என்னில."

"உன் பிழை இல்லை." குவாக்கின் குரல் அடங்கிப்போயிருந்தது. "எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. இன்னும் பிடிக்கிறது."

அதற்குமேல் எதுவும் சொல்லாமல், யாரையும் பார்க்காமல் படியிறங்கி, ரயில் நிலையப் பக்கம் நடந்தார். பின்னால் போகச் சச்சிதானந்தனுக்குத் துணிவு வரவில்லை.

"பாவம், அழுதிட்டாரண்ணை," என்று ரோல்ஸ் பெட்டியைத் திறந்தபடி வந்தாள் தாட்சாயினி. "ஆரைப் பற்றிப் பேசினவர்?"

"தாத்தாவைப் பற்றி."

"அதுதானே பாத்தன். பாசமுள்ள மனுசன்."